குரோதன வருஷம், தை மாதம்

மஞ்சள் பைக்குள் ஒரு பித்தளைக் கூஜா. அதைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்தபோது காலை பத்தரை இருக்கும். 2026 மாசி. வெயில் இன்னும் பல்லைக் காட்டத் தொடங்கவில்லை.

இந்தத் தெருவில் கையை வீசிக்கொண்டு வருகிறவர் வாங்க வந்தவர், பையோடு வருகிறவர் விற்க வந்தவர். கடைவாசலில் உட்கார்ந்திருப்பவர்களின் கண் முகத்துக்கு வருமுன் கைக்குப் போவதைப் பார்த்தால் புரியும். நான் இரண்டிலும் சேராதவன். இந்தக் கூஜாவைத் தொடும்போதெல்லாம் எங்கள் அம்மா சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "இருநூறு வருஷத்துச் சாமான், பாத்து எடு." அந்த வாக்கியத்தைச் சரிபார்க்க வந்திருந்தேன்.

கூஜாவின் தோள்பட்டையில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து இருக்கிறது: மீனாட்சி, குரோதன ௵ தை ௴. மீனாட்சி யார் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மாவின் பாட்டிக்கும் அந்தப் பெயர்தான், பாட்டியின் மாமியாருக்கும் அந்தப் பெயர்தான். கூஜா மாமியாருடையது என்பது அம்மா கட்சி. பாட்டியுடையது என்பது சித்தி கட்சி. இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள், இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

வருடத்தையே வெட்டி வைத்திருக்கும்போது வயதுக்கு என்ன தகராறு என்று தோன்றும். தமிழ் வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வந்து நிற்பதுதான் தகராறு. பிரபவவில் தொடங்கினால் குரோதன 59ஆவது. குரோதன வருடத்துத் தை என்றால் 1866 ஆகலாம், 1926 ஆகலாம், 1986கூட ஆகலாம். 160 வயது, 100 வயது, 40 வயது. அம்மா சொல்லும் இருநூறுக்கு 1806 வரை இறங்க வேண்டும், அப்போது 220 ஆகிவிடும். நடுவில் இருக்கும் கணக்குதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அது சரியென்றால் கூஜாவுக்குப் போன மாதம்தான் நூறு நிறைந்திருக்கிறது. நூறு நிறைந்தால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்.

முதல் கடையில் கால் வைக்க இடமில்லை. இடியாப்ப உழக்கு, தேன்குழல் அச்சு, குழிப்பணியாரக் கல், அஞ்சறைப்பெட்டி, மரப்பாச்சி ஜோடி, தொங்கும் சரவிளக்கு, காலில்லாத ஊஞ்சல் பலகை. நடுவே ஒரு பேக்கலைட் ரேடியோ. ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய காலத்துச் சாமான். அதன் பக்கத்தில் டயல் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி. எங்கள் பக்கத்து வீட்டில் இதே போன்ற ஒன்றில் நானே பேசியிருக்கிறேன். அதன் மேல் ஒட்டியிருந்த சிறு அட்டையில் ‘ஆன்டிக்’ என்று எழுதியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் அந்த அட்டையைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

"இது ஆன்டிக்கா தம்பி?" என்று கடைப் பையனிடம் கேட்டேன்.

"ஓடாத சாமான் எல்லாம் ஆன்டிக்தான் சார்."

மோசமான இலக்கணம் என்று சொல்லிவிட முடியாது. தமிழில் நாம் பழசு என்கிறோம், பழமை என்கிறோம், தொன்மை என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை ஆண்டு இடைவெளி என்று யாரும் அளந்து வைக்கவில்லை. சோறு ஒரு ராத்திரியில் பழசாகிவிடும். புளி ஒரு வருடத்தில் பழம்புளி. மோட்டார் வண்டிக்கு அரசாங்கம் 50 வருடம் வைத்திருக்கிறது: 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, உருமாற்றாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘விண்டேஜ்’. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று தனி எழுத்துகூட உண்டு. பாத்திரம், கதவு, சிலை, நாணயம் ஆகியவற்றுக்குத்தான் 100.

அந்த 100 இருப்பது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டத்தில். நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரலில். நூறு ஆண்டுக்குக் குறையாமல் இருந்துவரும் நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு, கைவினைப் பொருள் எல்லாம் அதன்படி தொல்பொருள். மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். சிலை, ஓவியம் போன்ற சில வகைகளை வீட்டில் வைத்திருப்பவர்களும் பதிவு செய்ய வேண்டும்.

நான்காவதோ ஐந்தாவதோ கடை. வாசலில் பத்துப் பதினைந்து கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு எழுபது வயதாவது இருக்கும். பையைப் பார்த்தார்.

"குடுக்கவா தம்பி?"

"இல்லண்ணே. வயசு பாக்கணும்."

"வயசு பாக்கணும்னா ஜோசியர்கிட்டல்ல போகணும்" என்று சிரித்தவர், பையை வாங்கிப் பிரிக்காமலே தரையில் வைத்தார். "இருக்கட்டும். மொதல்ல இதைப் பாருங்க."

அவர் காட்டியது ஒரு நிலைக்கதவு. பர்மாத் தேக்கு. நிலையின் மேல்சட்டத்தில் இரண்டு யானை நீர் சொரியும் கஜலட்சுமி, இருபுறமும் கொடி ஓடுகிறது. நான் செதுக்கலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பையனைக் கூப்பிட்டுக் கதவைத் திருப்பச் சொன்னார்.

"முன்பக்கம் யாரும் செஞ்சிரலாம். பின்பக்கம்தான் பேசும்."

பின்பக்கத்தில் கைவாள் அறுத்த கோடுகள் நேராக, ஆனால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக ஓடின. வட்டரம்பத்தில் அறுத்திருந்தால் கோடுகள் பிறை பிறையாக வளையும். ஆணித் தலைகள் ஒரே அளவில் இல்லை. தாழ்ப்பாளுக்குக் கீழே மரத்தில் ஒரு வளைந்த தழும்பு. தாழ்ப்பாளின் நுனி தினமும் இறங்கி ஏறி உரசிய இடம். அதற்குச் சற்று மேலே, ஆள் தோளுயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மரம் வழவழத்துக் கறுத்திருந்தது. கதவைத் தள்ளிய கைகள் பட்ட இடம்.

"புதுசைப் பழசாக்குறவன் எல்லா இடத்தையும் தேய்ச்சிருவான். வீட்டு மனுஷங்க ஒரே இடத்துலதான் தேய்ப்பாங்க" என்றார். அந்தத் தெருவில் அன்று கேட்டவற்றில் எனக்கு உடனே பயன்பட்டது இதுதான். அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு நாற்காலியிலும் கை எங்கே படும் என்று தேடினேன். இரண்டு நாற்காலிகள் அந்தத் தேர்வில் தோற்றன.

இந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் கையைத் தெற்கே காட்டினார். வீடு உடைத்தது என்றார். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1930கள் வரை எழுந்தவை. பர்மா, மலேயா, இலங்கையில் வட்டித்தொழிலில் வந்த பணம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு பலருடைய பணம் அங்கேயே நின்றுபோனது. வீடு நின்றது, அதை நிறுத்தி வைக்கும் வருமானம் நிற்கவில்லை. பிறகு பங்கு பிரிந்தது. ஒரே வீட்டில் பத்துப் பன்னிரண்டு புள்ளி, அதாவது குடும்பம்; ஒரு புள்ளி சென்னையில், ஒன்று சிங்கப்பூரில், ஒன்று அமெரிக்காவில். ஓட்டை மாற்றுவதற்குக் கூடப் பன்னிரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். உடைப்பதற்கு ஒத்துக்கொள்வது சுலபமாக இருக்கிறது, கையில் காசு வருகிறதே.

உடைப்பவர்கள் மொத்தமாகப் பேசி எடுக்கிறார்கள். தூண், போதிகை, உத்தரம், நிலை, கதவு, ஜன்னல், பெல்ஜியம் கண்ணாடி, பட்டாலையில் தொங்கிய சரவிளக்கு வரை தனித்தனியாக விலை. முகப்புத் தூண் சென்னையில் ஒரு உணவகத்துக்குப் போகும். வளவுக் கதவு கொச்சியில் ஒரு விடுதிக்குப் போகும். நல்ல விதமாகவும் சில போயிருக்கின்றன: முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு, இடிபட இருந்த வீட்டின் பாகங்களைக் கொண்டுபோய்க் கோத்ததுதான்.

கதவைத் தடவிக்கொண்டே நூறு வருடக் கணக்கைப் பற்றி அவரிடம் கேட்டேன். பெரியவர் சட்டத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். தெரிந்து வைக்காமல் இந்தத் தொழிலில் ஐம்பது வருடம் ஓட்ட முடியாது.

"அந்தச் சட்டத்துல ஒரு வரி இருக்கு தம்பி, பாத்திருக்கீங்களா? கட்டடத்துலேருந்து பிரிச்செடுத்த பொருள்னு."

பார்த்திருக்கிறேன். தொல்பொருள் எது என்று வரையறுக்கும் பிரிவில் அது தனி இனமாகவே வருகிறது: கட்டடத்திலிருந்தோ குகையிலிருந்தோ கழற்றப்பட்ட எந்தப் பொருளும், நூறாண்டு ஆகியிருந்தால். படித்தபோது சும்மா கடந்துபோன வரி. கதவுக்கு முன்னால் நின்று கேட்டபோது உறைத்தது. இந்தக் கதவு வீட்டில் மாட்டியிருந்த வரை அதற்குச் சட்டத்தில் பெயரில்லை. அந்த வீடு அரசு அறிவித்த பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தாலொழிய, வீட்டுக்காரர்கள் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். 1905இல் கட்டிய வீட்டை இடிக்கத் தொல்லியல் துறையிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. இடித்துக் கதவை வாசலில் சாய்த்த நிமிடம் கதவு தேசத்தின் தொல்பொருள் ஆகிவிடுகிறது. கப்பலேற முடியாது.

"நிக்கிற வரைக்கும் வீடு, தம்பி. விழுந்தாத்தான் ஆன்டிக்."

சொல்லிவிட்டு டீ சொன்னார். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. உத்தேசம் என்ற சொல்லுக்கு அந்தத் தெருவில் நின்றால் முழு அர்த்தமும் விளங்கும்.

டீ வரும் வரை, நூறு என்பதை யார் முதலில் வைத்தது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உலகத்தில் பல இடங்களில் இது சுங்கச்சாவடிக் கணக்கு. பழைய பொருள் என்றால் இறக்குமதி வரி இல்லை, புதுப் பொருள் என்றால் வரி. எங்கேயாவது கோடு கிழிக்க வேண்டுமே. அமெரிக்கா 1930இல் போட்ட சுங்கச் சட்டத்தில் 1830க்கு முன் செய்தது என்று ஆண்டையே எழுதிவிட்டார்கள். அன்றைக்கு அது சரியாக நூறு. அதற்குப் பிந்தைய சாமான் எல்லாம் இயந்திரத்தில் பிறந்த பிள்ளைகள் என்ற எண்ணமும் பழம்பொருள் வியாபாரிகளிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஆண்டை எழுதினால் அது நகராது. 1950 வந்தது, 1960 வந்தது, 1835இல் செய்த மேஜை 125 வயதாகியும் சட்டத்துக்கு இளசாகவே இருந்தது. 1966இல்தான் ஆண்டை எடுத்துவிட்டு நூறு வருடம் என்று மாற்றினார்கள், கோடும் நகரத் தொடங்கியது. யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கையிலும் நூறு. உலகச் சுங்கத் துறைகள் பொதுவாக வைத்திருக்கும் பொருட்பட்டியலிலும் 97ஆம் அத்தியாயத்தில் நூறு. 2022 முதல் அதே பட்டியலில் 250 ஆண்டு தாண்டியதற்குத் தனிக் கட்டம் வேறு போட்டிருக்கிறார்கள்.

"அப்ப வரிக்காக வச்ச வயசு" என்றார் பெரியவர். கிட்டத்தட்ட அப்படித்தான். நம் நாட்டில் அதே வயதை வெளியே போகாமல் தடுக்கும் வேலிக்கு வைத்துக்கொண்டோம்.

இதனால் இந்தத் தெருவில் ஒரு வேடிக்கை நடக்கிறது. உள்ளூர்க்காரர் வந்தால் கதவுக்கு வயது ஏறும்: "நூத்தம்பது வருஷம் சார்." வெளிநாட்டுக்காரர் வந்து ஊருக்கு அனுப்பக் கேட்டால் வயது இறங்கியாக வேண்டும். பழசுபோல் தோன்றும் பொருளை அனுப்புவதற்குத் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்று சான்று வாங்க வேண்டும். உலகத்தில் எல்லாரும் பழமைக்குச் சான்றிதழ் தேடுவார்கள், இங்கே பழமை இல்லை என்பதற்குத் தேடுகிறார்கள். பெரியவர் ஏற்றுமதிப் பக்கமே போவதில்லையாம். சாமி சிலையும் தொடுவதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் களவுபோய், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் அதை 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014இல் திரும்பிவந்த கதைக்குப் பிறகு, விக்கிரகம் என்ற சொல்லைக் கேட்டாலே தெருவில் கதவு சாத்துகிறவர்கள் உண்டு என்றார்.

டீக்குப் பிறகு உள்ளறை. இனாமல் சாமான்கள் மட்டும் ஒரு சுவர் முழுக்க. அடுக்குத் தூக்குகள், மூடி போட்ட கிண்ணங்கள், நீலக் கரை போட்ட பேசின்கள். பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது டஜன் கணக்கில் பரப்பிய சாமான். பல சீரோடு வந்து அறைக்குள் போனதோடு சரி, அடுப்பே ஏறியதில்லை. அதனால்தான் இத்தனை பளபளப்பு. வயது பார்க்க அடியைத் திருப்ப வேண்டும். ‘கே.இ.ஆர். ஸ்வீடன்’ என்று சில. ‘ஜப்பான்’ என்று சில. ஒரு தட்டில் ‘செக்கோஸ்லோவாகியா’.

இந்த நாட்டுப் பெயர்கள்தான் நல்ல சாட்சிகள். செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918இல் பிறந்து 1992 முடிவோடு மறைந்தது. ஆகவே அந்தத் தட்டு 108 வயதுக்கு மேல் போகவே முடியாது. அதே பட்டறை ஒரு வருடம் முன்னால் செய்திருந்தால் அடியில் ஆஸ்திரியா என்று இருந்திருக்கும். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்திருந்த 1945 முதல் 1952 வரையிலானது. அணாவில் விலை எழுதிய ஒட்டுச்சீட்டு இருந்தால், நயா பைசா வந்த 1957க்கு முந்தையது என்று ஊகிக்கலாம்.

கோடு நகருகிறது என்று சொன்னேன் அல்லவா, அது எங்கே நகருகிறது என்று இந்தச் சுவர் முன்னால்தான் தெரிந்தது. 1920களில் வந்து இறங்கிய சாமான்கள் இப்போது வருடத்துக்கு ஒரு பத்தியாக நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் உச்சத்தில் இருந்த பத்தாண்டு அது. அலமாரியில் அசையாமல் இருந்தே தட்டுகள் தொல்பொருள் ஆகின்றன. ஒரு தட்டிலிருந்த தூக்கு சட்டப்படி வியாபாரச் சரக்கு, அதற்கு மேல்தட்டிலிருந்த அதே மாதிரித் தூக்கு ஏற்றுமதித் தடை உள்ள பொருள். இரண்டுக்கும் நடுவே இருந்தது இரண்டு மூன்று வருடமும், அதை நிரூபிக்க யாரிடமும் இல்லாத ஒரு ரசீதும்.

சுவரில் ஓடாத கடிகாரங்கள் எட்டு. ஒன்றில் அன்சோனியா என்ற பெயர். நியூயார்க்கில் இருந்த அந்தக் கம்பெனி 1929இல் தன் இயந்திரங்களைச் சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுவிட்டு மூடியது. அதனால் அன்சோனியாவின் கடைசிக் கடிகாரத்துக்கும் இன்னும் மூன்று வருடத்தில் நூறாகிவிடும். முகத்தட்டு உண்மையானதாக இருந்தால். பெரியவர் பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே இருந்த இயந்திரம் வேறு கம்பெனியுடையது. "முகம் அமெரிக்கா, வயிறு ஜெர்மனி" என்றார் கூச்சமே இல்லாமல்.

ரவிவர்மா படங்களும் இருந்தன. லட்சுமி, சரசுவதி, மயில்மேல் முருகன். சட்டம் இங்கே வேறு வழியில் போகிறது. ரவிவர்மா கையால் தீட்டிய ஓவியத்துக்கு வயதே கேட்பதில்லை. ஓவியர் உயிரோடு இல்லை, ஆக்கம் அரியது என்று அரசு கருதினால் ‘கலைச் செல்வம்’ என்று அறிவித்துவிடலாம். அப்படி அறிவிக்கப்பட்டவர்களில் ரவிவர்மா உண்டு, ரவீந்திரநாத் தாகூர் உண்டு, அம்ரிதா ஷெர்கில் உண்டு. 1941இல் இறந்த ஷெர்கிலின் ஓவியங்களில் பல இன்னும் நூறைத் தொடவில்லை, ஆனாலும் எல்லையைத் தாண்ட முடியாது. கடையில் இருப்பதோ அச்சுப்படம். பம்பாயில் 1894இல் தொடங்கி, பிறகு லோனாவ்லா பக்கம் மாறிய அச்சகம், அவர் 1906இல் மறைந்த பிறகும் பல பத்தாண்டு அதே படங்களை அச்சடித்துக்கொண்டிருந்தது. அதனால் படத்தில் அச்சகப் பெயர் இருப்பது மட்டும் வயதைச் சொல்லாது. பெரியவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். பழைய கல்லச்சில் நிறம் மணல் தூவியதுபோல் ஒழுங்கில்லாமல் கிடக்கும். முருகனைப் பார்த்தேன், மணல். லட்சுமியைப் பார்த்தேன். நான்கு நிறப் புள்ளிகள் கோலம் போட்டதுபோல் வரிசையாக நின்றன. கறை படிந்த சட்டத்துக்குள் சமீபத்து ஆப்செட் லட்சுமி. "சட்டம் பழசுதான்" என்றார் பெரியவர். சொன்னது எந்தச் சட்டம் என்று நான் கேட்கவில்லை.

கடையை விட்டுக் கிளம்புமுன் மூலையில் ஒரு குவியல் கண்ணில் பட்டது. சணலால் கட்டிய கணக்குப் புத்தகங்கள். பேரேடு, சிட்டை, கட்டுக் கட்டாகக் கடிதம். ஒன்றைப் பிரித்தேன். இரங்கூன் என்று மேலே எழுதி, கறுப்பு மையில், தமிழ் இலக்கத்தில் வரவும் செலவும். ௱, ௲ எல்லாம் கூட்டெழுத்துப்போல் விரைந்து ஓடுகின்றன. யாரோ ஒருவருக்குக் காய்ச்சல், மருந்துக்குச் செலவு. அரிசி. தபால் தலை.

சட்டம் காகிதத்துக்கு மட்டும் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகு என்று ஏதாவது ஒரு மதிப்புள்ள கையெழுத்துப்படி, ஆவணம் என்றால் நூறு வேண்டாம், 75 போதும். பித்தளையைவிடக் காகிதம் சீக்கிரம் சாகும் என்று தெரிந்தவர்கள் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி 1951க்கு முந்தைய பேரேட்டுக்கு இன்று வயது வந்துவிட்டது. ஜப்பானியர் வருமுன் இரங்கூனில் எழுதியது என்றால் சந்தேகமே இல்லை. வரலாற்று மதிப்பு இருக்கிறதா என்றுதானே கேள்வி? ஒரு சமூகம் கடல் தாண்டி நடத்திய தொழில் நாள்வாரியாக இதில் இருக்கிறது.

"இது என்ன விலைண்ணே?"

"அதுவா? எடைக்கு வந்துச்சு. எடைக்கே போகும்."

கதவுக்குப் பின்பக்கம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் இதைச் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் பேரில் குறையில்லை. பேரேட்டை மாட்டி வைக்க எந்த விடுதியும் கேட்பதில்லை. இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டேன். எடை போட்டுத்தான் கொடுத்தார்.

அப்புறம்தான் கூஜாவுக்கு முறை வந்தது. பையிலிருந்து எடுத்து, மூடியைத் திருகி, தொடை மேல் வைத்துக்கொண்டு எழுத்தைத் தடவினார். குரோதன என்றதும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். "எண்பத்தஞ்சு எண்பத்தாறு ஒரு குரோதன. அதுல்ல இது."

"எப்படிண்ணே?"

"மீனாட்சியில ‘னா’ பாருங்க."

பார்த்தேன். இப்போது எழுதுவதுபோல் னகரமும் காலும் தனித்தனியாக இல்லை, இரண்டும் ஒரே சுழியாகக் கூடியிருந்தது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முந்தைய வடிவம். 1986இலும் ஒரு கிழட்டுப் பாத்திரக்கடைக்காரர் பழைய பழக்கத்தில் அப்படி வெட்டியிருக்கலாமே என்று கேட்டேன். நானே இன்னும் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதும்போது பழைய லையைத்தான் போடுகிறேன். "வெட்டலாம். ஆனா எண்பத்தாறுல கூஜா யாரு வாங்குனா? எவர்சில்வர்ல்ல வந்துருச்சு."

மிச்சம் இரண்டு. 1866, 1926. கழுத்தில் ஓடிய மரையை நகத்தால் வருடினார். கையில் தூக்கி எடை பார்த்தார். உள்ளே விரலை விட்டு ஈயப் பூச்சைத் தொட்டார், மோந்துகூடப் பார்த்தார். கைப்பிடியைக் காட்டி, இது பிறகு மாற்றியது, தறையாணி வேறு என்றார். மூடியும் அதன் சொந்த மூடி இல்லை, முக்கால் சுற்றிலேயே இறுகுகிறது.

"உடம்பு தகடு. இழுப்புப் பட்டறை வேலை. அறுபத்தாறுன்னா வார்ப்பா இருக்கும், கனம் தாங்காது. என் கை இருபத்தாறுன்னு சொல்லுது. கோர்ட்டுல நிக்காது, சொல்லிப்புட்டேன்."

கோர்ட்டில் நிற்கத் தேவையில்லை. அவர் கணக்குப்படி கூஜாவின் உடம்புக்குப் போன மாதம் நூறு. கைப்பிடிக்கும் மூடிக்கும் எவ்வளவு என்று தெரியாது. முழுப் பொருளுக்கு எந்த வயது என்று சட்டம் கேட்டால் அவரவர் பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

"குடுக்குறீங்களா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். இல்லை என்றதும் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

கொப்புடையம்மன் கோயில் வாசலில் நிழலாகப் பார்த்து நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். விவரம் சொன்னேன். இருநூறு இல்லை, நூறு என்று கேட்டதும் அந்தப் பக்கம் சத்தமில்லை. கைப்பிடி மாற்றியதா என்று கேட்டேன்.

"ஆமா, எங்க அப்பா தேவகோட்டையில குடுத்து மாத்தினார். மூடி கும்பகோணம் ரயில்ல தொலைஞ்சது" என்றாள். பிறகு அவளே கணக்குப் போட்டுவிட்டாள். "இருபத்தாறு தைன்னா பாட்டி கல்யாணம்."

"ஆமாம்மா. பாட்டி கூஜாதான்."

கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "இதைப் போயி உன் சித்திகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காதே."